பட்ட காயமா? பட்டபின் படும் பாடா?

(மே நாள் சிறப்புப் பட்டிமண்டபம். தலைப்பு: மரம் வெட்டும் தொழிலாளியைப் பெரிதும் வாட்டுவது 'பட்ட காயமே!' – 'பட்டபின் படும் பாடே!' இரண்டாம் அணியின் நிறைவுப் பேச்சு.)

நடுவர் அவர்களே! 'இவர் என்னத்தைப் பேசிவிடப் போகிறார்' என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! என் அணித் தோழர்களே! சமையலை முடித்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! முடித்ததாகச் சொல்லிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! (சிரிப்பு) பெரியோர்களே! 

எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி அருமையாகப் பேசினார். ரம்பம் எப்படி எகிறும், கிளை எப்படி முறியும், மரம் எப்படித் திரும்பி நம்மேலேயே சாயும் என்று அவர் சொல்லச் சொல்ல, நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தே எனக்குப் பயம் வந்துவிட்டது. அதுவும் மரம்தானே! (சிரிப்பு)

அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கவில்லை. இன்னும் ஒரு கணக்கை நானே எடுத்துக் கொடுக்கிறேன். அமெரிக்க அரசின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை 2023ஆம் ஆண்டுக்கு ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறது. எல்லாத் தொழில்களையும் சேர்த்துப் பார்த்தால், முழுநேரத் தொழிலாளர்கள் ஒரு லட்சம் பேரில் வேலையிலே அடிபட்டு இறப்பவர்கள் 3.5 பேர். மரம் வெட்டுகிறவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 98.9 பேர். ஏறத்தாழ 28 மடங்கு! தலைக்கவசமும் இயந்திரமும் பயிற்சியும் உள்ள நாட்டிலேயே இந்த நிலைமை என்றால், வெறுங்காலோடு மரத்தில் ஏறுகிற நம் ஊரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே ஆபத்து உண்டு, காயம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுவர் அவர்களே, தலைப்பைக் கொஞ்சம் பாருங்கள். 'பெரிதும் வாட்டுவது எது?' வெட்டுவது எது என்று கேட்கவில்லை. வாட்டுவது எது என்று கேட்டிருக்கிறீர்கள். வெட்டுவது வேறு, வாட்டுவது வேறு. அரிவாள் வெட்டும், வெயில்தான் வாட்டும். வெட்டு ஒரு நொடி. வாட்டம் என்பது நாள்கணக்கு, மாசக்கணக்கு, வருஷக்கணக்கு. காயம் ஒரு நொடியில் பட்டுவிடுகிறது. பட்டபின் படுகிற பாடு இருக்கிறதே, அது பேரன் பேத்தி எடுக்கிற வரைக்கும் கூடவே வருகிறது. (கைதட்டல்)

யார் இந்தத் தொழிலாளி? எங்கேயோ அடர்ந்த காட்டுக்குள் இருக்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ச் சீமையில் சீமைக் கருவேலத்தை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கி அனுப்புகிறாரே, அவர்தான். கடலூர், விழுப்புரம் பக்கம் சவுக்கு வெட்டுகிறாரே, புதுக்கோட்டைப் பக்கம் தைலமரத்தை வெட்டிப் பட்டையை உரிக்கிறாரே, அவர்தான். டன்னுக்கு இவ்வளவு என்று கூலி. நின்றால் கூலி நின்றுவிடும். உங்கள் பிள்ளை எழுதுகிற நோட்டுப் புத்தகம், உங்கள் வீட்டுக் கல்யாணத்துப் பந்தக்கால், வீடு கட்டும்போது நிற்கிற சாரம், தெருமுனையில் இஸ்திரிப் பெட்டிக்குள் கனன்றுகொண்டிருக்கிற கரி – இத்தனையிலும் அவர் கை இருக்கிறது. சில பேருக்கு இப்போது அந்தக் கை முழுசாக இல்லை. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டு வேப்பமரக் கிளை மின்கம்பியில் உரசியது. கழித்துவிட ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும். ஏணியைப் பிடிக்கும்போது பார்த்தேன், வலது கையில் கட்டை விரல் இல்லை. "என்னய்யா ஆச்சு?" என்று கேட்டேன்.

"கருவேலங்காட்டுல மெஷின் ரம்பம் பிடிச்சுக்கிட்டு இருந்தேங்கய்யா. முனை ஒரு கட்டையில பட்டுச்சு. அப்படியே எகிறிருச்சு. விரலு போயிருச்சு."

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"போனேங்கய்யா. போற வழியிலேயே வியாபாரி சொன்னாரு, 'ஏப்பா, வேலையில பட்டுச்சுன்னு சொல்லிப்புடாத. போலீசு, கேசுன்னு வந்துரும். வீட்டுல விறகு கீறும்போது வெட்டிக்கிட்டேன்னு சொல்லு. ஒன்னைய நான் பாத்துக்கிறேன்' அப்படின்னாரு. சரின்னு அப்படியே சொல்லிட்டேன்."

"பார்த்துக்கொண்டாரா?"

"அஞ்சாயிரம் குடுத்தாருங்கய்யா. ஒரு தாளுல ரேகை வாங்கிக்கிட்டாரு. இனிமே ஒண்ணும் கேக்க மாட்டேன்னு."

நடுவர் அவர்களே, அவர் ரேகை வைத்தாரே, எந்த விரலால் வைத்தார்? மிச்சமிருந்த இடது கைக் கட்டை விரலால்! ஏகலைவன் கட்டை விரலைக் கொடுத்தான் என்று படிக்கிறோம். அவனாவது குருவாக நினைத்து வித்தை கற்றுக்கொண்டு, காணிக்கையாகக் கொடுத்தான். இவர் ஒரு விரலை மரத்துக்குக் கொடுத்தார்; இன்னொரு விரலைத் தாளுக்குக் கொடுத்தார்! (கைதட்டல்)

இப்போது சட்டம் என்ன சொன்னது என்று பாருங்கள். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று ஒன்று, வெள்ளைக்காரன் காலத்தில், 1923இல் வந்தது. அதன் அட்டவணையில் யார் யாருக்கெல்லாம் இது பொருந்தும் என்று வரிசை போட்டிருந்தார்கள். அதிலே ஓர் இனம்: பனை மரத்தில் கள், பதநீர் இறக்குகிறவர்கள், மரம் வெட்டுகிறவர்கள், ஆற்று வழியாக மரம் கொண்டுபோகிறவர்கள், காட்டுத்தீயை அணைக்கிறவர்கள் என்று எல்லாரையும் ஒரே வரியில் சேர்த்து எழுதியிருந்தார்கள். ஆக, மரம் வெட்டுகிறவர் சட்டத்துக்குத் தெரியாத ஆள் இல்லை. சட்டத்துக்கு அவரைத் தெரியும். அவருக்குத்தான் சட்டத்தைத் தெரியாது!

இன்னோர் அட்டவணை உண்டு. அதில் உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் கணக்கு இருந்தது. கட்டை விரல் போனால், சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதம் போயிற்று என்று கணக்கு. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14. நடு விரல் 12. மோதிர விரலோ சுண்டு விரலோ போனால் 7. ஒரு கையில் நான்கு விரலும் போனால் 50. இரண்டு கையும் போனால் 100. மோதிரம் போடுகிற விரலுக்கு மதிப்பு ஏழுதான். ரம்பம் பிடிக்கிற விரலுக்கு முப்பது! நகைக்கடைக்காரர் மதிப்பு வேறு, சட்டத்தின் மதிப்பு வேறு. (சிரிப்பு)

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தமிழ் வாத்தியார் கணக்குப் போடுகிறேன், தப்பிருந்தால் வீட்டிலே கணக்கு வாத்தியார் இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். 2020 ஜனவரி முதல் மாதக் கூலி என்று அதிகபட்சம் 15,000 ரூபாய் வரை கணக்கில் எடுத்தார்கள். அதில் 60 சதவீதம் 9,000. நாற்பது வயதுக்காரருக்கு அதைப் பெருக்க வேண்டிய எண் 184.17. பெருக்கினால் 16 லட்சத்து 57 ஆயிரத்துச் சொச்சம். அதில் கட்டை விரலுக்கு 30 சதவீதம் எவ்வளவு? ஏறத்தாழ 4 லட்சத்து 97 ஆயிரம் ரூபாய்! (கூட்டத்தில் சலசலப்பு)

அவர் கையில் வாங்கியது எவ்வளவு? அஞ்சாயிரம். இந்த வித்தியாசத்தை உண்டாக்கியது ரம்பமா? ரம்பம் விரலைத்தான் எடுத்தது. மீதி 4 லட்சத்து 92 ஆயிரத்தை எடுத்தது 'வீட்டில் வெட்டிக்கொண்டேன்' என்ற ஒரே ஒரு பொய்! ஆஸ்பத்திரிச் சீட்டில் அந்தப் பொய் ஏறிவிட்டால், அப்புறம் எந்த அதிகாரி முன்னால் போய் நின்றாலும், "சீட்டிலே இப்படி இருக்கேப்பா" என்பார்கள். காயத்துக்குத் தையல் போட்டது டாக்டர். வாய்க்குத் தையல் போட்டது வியாபாரி! (பலத்த கைதட்டல்)

ரேகை வாங்கினாரே ஒரு தாள், அதற்கும் அந்தச் சட்டம் பதில் சொல்லியிருந்தது. 'இழப்பீடு வேண்டாம்' என்று தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் அந்த எழுத்து செல்லாது. '2009 திருத்தத்தின்படி, மருத்துவச் செலவையும் வேலை கொடுத்தவரே திருப்பித் தர வேண்டும்' என்றும் சேர்த்தார்கள். இடையில் கான்ட்ராக்டர் ஒருவர் இருந்தால், 'அவன்தான் ஆள் கொண்டுவந்தான், எனக்குத் தெரியாது' என்று மேலே இருப்பவர் கைகழுவ முடியாது. நாடாளுமன்றம் 2020இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த இழப்பீட்டுப் பகுதியைச் சேர்த்திருக்கிறார்கள். உரிமை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அந்த உரிமை கருவேலங்காட்டு வரப்புக்கு நடந்து வரவில்லை. அதுதான் நான் சொல்கிற பாடு!

எதிரணித் தம்பி ஒரு கேள்வி கேட்டார். "அய்யா, 108 வண்டி இருக்கிறது, அரசு மருத்துவமனை இருக்கிறது, காப்பீட்டு அட்டை இருக்கிறது. எல்லாம் இலவசம். அப்புறம் என்ன பாடு?" என்று கேட்டார். நல்ல கேள்வி. 2008இல் நம் மாநிலத்துக்கு வந்த 108 எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது, கைகூப்பி வணங்குகிறேன். ஆனால் தம்பி, இலவசம் ஆஸ்பத்திரி வாசலுக்கு உள்ளே தொடங்குகிறது. செலவு வாசலுக்கு வெளியே தொடங்குகிறது!

வள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வைத்தார். அதன் கடைசிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு கூறு சொல்கிறார். நோயாளி ஒன்று, மருத்துவர் ஒன்று, மருந்து ஒன்று, பக்கத்திலே இருந்து பார்த்துக்கொள்கிறவர் ஒன்று. என் மொழியில் சொன்னால் மருத்துவம் நான்கு கால் கட்டில். ஒரு கால் ஆடினாலும் நோயாளி கீழேதான். நம் ஆளின் கட்டிலைப் பார்ப்போமா?

முதல் கால், நோயாளி. வலிக்கிறது என்று சொன்னால் நாளைக்கு வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். அதனால் வலிக்கவில்லை என்கிறார். கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருக்கும். ஆறு வாரம் ஊன்றாதே என்பார் டாக்டர். மூன்றாவது வாரம் கம்பை ஊன்றிக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார். கேட்டால், "மெடிக்கல்ல ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டேன், வலியில்லை" என்பார். மாத்திரை வலியைத்தான் மறைக்கும். முறிந்த எலும்பை ஒட்ட வைக்குமா? கோணலாகக் கூடிவிடும். அந்தக் கோணலோடு முப்பது வருஷம் நடக்க வேண்டும்.

இரண்டாவது கால், மருத்துவர். பெரிய மருத்துவமனை மாவட்டத் தலைநகரில். 'அடுத்த செவ்வாய்க்கிழமை வந்து காட்டு' என்று சீட்டில் எழுதியிருக்கும். பஸ் செலவு, துணைக்கு ஓர் ஆள், இரண்டு பேருக்கும் ஒரு நாள் கூலி போச்சு. ஒரு செவ்வாய் போவார், அடுத்த செவ்வாய் போக மாட்டார். விரலை மடக்கி நீட்டச் சொல்லித் தருவார்களே பயிற்சி, அது நின்றுபோகும். தையல் ஆறிவிடும், கை விறைத்துவிடும். உள்ளூரிலேயே நாட்டுக்கட்டுப் போடுகிறவரிடம் போவார்கள். அவர்களிலும் கைராசிக்காரர்கள் உண்டு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் கட்டுப் போட்டபின் விரல் நுனி நீலமாகிறது, சில்லிட்டுப் போகிறது, உணர்ச்சி இல்லை என்றால், அந்த நிமிஷமே கட்டைத் தளர்த்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கட்டு இறுகி ரத்த ஓட்டம் நின்றால், முறிந்த கை கூடாது; முழுக் கையே போய்விடும்.

மூன்றாவது கால், மருந்து. மருந்து உள்ளே கிடைக்கிறது. காயம் ஆறுவதற்குச் சத்தான சாப்பாடு வேண்டுமே, அது எங்கே கிடைக்கிறது? வேலை நின்ற வீட்டில் முட்டை ஏது, பால் ஏது?

நான்காவது கால்தான் முக்கியம். பக்கத்தில் இருந்து பார்ப்பவர் யார்? அந்த அம்மா! அவரும் அதே காட்டில் பட்டை உரித்துக்கொண்டிருந்தவர். புருஷன் கூலி காயத்தில் போச்சு, பெண்டாட்டி கூலி காவலில் போச்சு. வீட்டில் சின்னப்பிள்ளையை யார் பார்ப்பது? "மூத்தவளே, ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகாதம்மா" என்பார்கள். ஒரு வாரம் ஒரு மாதமாகும். ஒரு மாதம், படிப்பு நின்றதாகவே ஆகும். நடுவர் அவர்களே, மரம் விழுந்தது அப்பா கால்மேல். நசுங்கியது மகள் படிப்பு! இந்தக் காயத்தை எந்த எக்ஸ்ரே காட்டும்? (நீண்ட கைதட்டல்)

இன்னொன்று சொல்கிறேன். ரத்தமே வராத காயம் ஒன்று இருக்கிறது. ரம்பத்து அதிர்ச்சி கைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். வருஷக்கணக்கில் பிடித்தால் விரலில் ஓடும் சிறு ரத்தக் குழாய்களும் நரம்புகளும் கெடும். குளிர் நாட்டில் விரல் மெழுகுவர்த்தி போல வெளுத்துவிடும். நம் ஊர் வெயிலில் வெளுப்பது குறைவு, மரத்துப்போவதுதான் அதிகம். தமிழ் எவ்வளவு பொருத்தமான மொழி பாருங்கள்! மரம் வெட்டுகிறவர் கை மரத்துப் போகிறது! (கைதட்டல்) சட்டைப் பொத்தான் போட முடியாது, காசை எண்ண முடியாது, டம்ளரைப் பிடித்தால் நழுவும். வீட்டிலே, "ஏங்க, ஒரு டம்ளரைக்கூட ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதா?" என்பார்கள். பாவம், அந்த அம்மாவுக்கும் தெரியாது அது வியாதி என்று.

1918இலேயே அமெரிக்காவில் ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் மருத்துவர், காற்றுச் சுத்தியல் பிடிக்கும் கல் தொழிலாளர்களிடம் இதைக் கண்டு எழுதினார். 1960களில் ஜப்பான் காடுகளில் மெஷின் ரம்பம் பிடித்தவர்களுக்கு இது வந்தபோது என்ன செய்தார்கள்? தலைவிதி என்று விட்டுவிடவில்லை. தொழில்நோய் என்று எழுதி வைத்தார்கள். ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல் ரம்பம் பிடிக்கக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். உலகமெங்கும் ரம்பம் செய்கிறவர்கள், அதிர்ச்சி கைக்கு வராதபடி ரப்பரும் ஸ்பிரிங்கும் வைத்துப் பிடியை மாற்றினார்கள். காயம் அங்கேயும் ஒன்றுதான், இங்கேயும் ஒன்றுதான். எழுதி வைத்த இடத்தில் குறைந்தது. எழுதாத இடத்தில் தொடர்கிறது. அப்படியானால் வாட்டுவது எது? காயமா? காயத்தைக் காயம் என்றே கணக்கில் எடுக்காத பாடா?

ஆனைமலையில் டாப்சிலிப் போயிருப்பீர்கள். மேலே வெட்டிய தேக்கை மலைச்சரிவில் கீழே சறுக்கி விட்டதால் வந்த பெயர் அது. அந்தக் காட்டில் மரம் வெட்டியவன் மனிதன். வெட்டிய மரத்தை இழுத்தது யானை. யானைக்கு என்ன மரியாதை தெரியுமா? எடை பார்த்துச் சாப்பாடு. மருத்துவம் பார்க்கத் தனி டாக்டர். டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியை நாடே 'யானை டாக்டர்' என்று அழைத்தது. ஓய்வு வயதும் உண்டு. கோழிகமுத்தி முகாமில் கலீம் என்ற கும்கி யானை 2023 மார்ச்சில், அறுபது வயதில் ஓய்வு பெற்றது. வனத்துறையினர் வரிசையாக நின்று சல்யூட் அடித்து வழியனுப்பினார்கள். கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. அந்தப் பெருந்தன்மைக்கு வணக்கம். நான் யானையிடமிருந்து எதையும் பிடுங்கச் சொல்லவில்லை. யானைக்குக் கொடுத்ததில் பாதியை, அந்த மரத்தை வெட்டினவனுக்கும் கொடுங்கள் என்கிறேன்! (பலத்த கைதட்டல்) அவன் அறுபது வயதில் ஓய்வு பெறவில்லை. நாற்பது வயதில் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு, ஒரு கிளை முறிந்தபோது ஓய்வு பெற்றான். சல்யூட் அடிக்க யாரும் வரவில்லை.

எதிரணியினர் கடைசியாகக் கேட்பார்கள்: "முதுகெலும்பே முறிந்துவிட்டால், அப்புறம் காயம்தானே வாழ்க்கையை முடித்தது?" இல்லை என்பதற்கு வேலூரில் ஒரு சாட்சி இருக்கிறது. டாக்டர் மேரி வர்கீஸ். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயிற்சி பெற்ற இளம் மருத்துவர். 1954இல் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, இரண்டு காலும் செயலிழந்தன. மரத்திலிருந்து விழுந்து முதுகு முறிந்தவருக்கு என்ன காயமோ, அதே காயம். என்ன ஆனார்? சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். திரும்பி வந்து அந்தத் துறைக்கே தலைவரானார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972இல் பத்மஸ்ரீ.

அவருடைய காயம் சின்னக் காயமா? இல்லை! ஆனால் பட்டபின் அவரைத் தாங்கக் கை இருந்தது, பயிற்சி இருந்தது, வேலை இருந்தது, 'உன்னால் முடியும்' என்று சொல்ல ஆள் இருந்தார்கள். அவருடைய உறுதியும் சேர்ந்தது. காயம் மட்டுமே வாழ்க்கையை முடித்துவிடும் என்றால் மேரி வர்கீஸ் என்ற பெயரே நமக்குத் தெரிந்திருக்காது. காயம் கட்டிலில் தள்ளும். கட்டிலிலேயே வைத்திருப்பது கவனிப்பில்லாத பாடு!

நேரமாகிவிட்டது என்று நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வீட்டிலே கேட்டுக்கொண்டிருக்கிற தாய்மார்களுக்கு நான்கே வார்த்தை சொல்லிவிடுகிறேன். சிரிக்க வேண்டாம், மனசில் வையுங்கள்.

ஒன்று, ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். காப்பித்தூள் வைக்காதீர்கள், அது டிக்காஷனுக்கு. மஞ்சள், சுண்ணாம்பு, மண் எதுவும் வேண்டாம். விரல் துண்டாகிவிட்டால் தேடி எடுங்கள். சுத்தமான தண்ணீரில் அலசி, ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட பாத்திரத்தில் வைத்து உடனே கொண்டுபோங்கள். ஐஸ் நேராக விரலில் படக் கூடாது. சென்னை ஸ்டான்லியில் டாக்டர் ஆர். வெங்கடசாமி கை அறுவைச் சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு தொடங்கி ஐம்பது ஆண்டு தாண்டிவிட்டது. ஒட்ட வைக்கக் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். விரலும் நேரமும் நம் கையில் இருக்க வேண்டும்.

இரண்டு, மரத்திலிருந்து விழுந்தவரைக் கை ஒருவர், கால் ஒருவர் என்று தூக்காதீர்கள். மோட்டார் சைக்கிளில் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார வைக்காதீர்கள். உடைந்த முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம் அப்போதுதான் நசுங்கும். 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வர வழியே இல்லையென்றால், பலகையோ கதவோ கொண்டுவந்து, கழுத்து ஆடாமல், நாலைந்து பேராகச் சேர்த்துத் தூக்கி அதில் படுக்க வையுங்கள்.

மூன்று, ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லுங்கள். 'வேலை செய்யும்போது, இன்ன இடத்தில், இன்னார் வேலையில் பட்டது' என்று சொல்லி, அதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். சீட்டு, எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் தாள் எதையும் தொலைக்காதீர்கள். சாமி படத்துக்குப் பின்னால் வையுங்கள், பத்திரமாக இருக்கும். (சிரிப்பு) பிறகு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். ஆறட்டும், அப்புறம் கேட்கலாம் என்று இருக்காதீர்கள். கேட்பதற்குக் காலக்கெடு உண்டு.

நான்கு, அடிபடுவதற்கு முன்னாலேயே உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்து அட்டை வாங்கி வையுங்கள். குடை மழைக்கு முன்னால்தான் வாங்க வேண்டும்.

நடுவர் அவர்களே! என் வீட்டுக்கு வந்த அந்த மனிதர் ஏணியை விட்டு இறங்கிவந்து ஒரு வார்த்தை சொன்னார். "விரலு போனது ஒரு நிமிசங்கய்யா. அதுக்கப்புறம் நடந்த நடைதான் இன்னும் முடியல." இந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் என் அணிக்கு வேறு வாதம் தேவையில்லை. காயத்தை உண்டாக்கியது மரம். மரத்துக்கு அறிவில்லை, அதை மன்னித்துவிடலாம். பாட்டை உண்டாக்கியது மனிதர்கள். மனிதர்கள் நினைத்தால் மாற்ற முடியும். மாற்ற முடிந்தும் மாற்றாமல் விட்டிருக்கிறோமே, அந்த எண்ணம்தான் பட்டவனை அதிகம் வாட்டுகிறது.

ஆகவே, மரம் வெட்டும் தொழிலாளியைப் பெரிதும் வாட்டுவது பட்ட காயம் அல்ல, பட்டபின் படும் பாடே, பாடே, பாடே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு தங்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.